இரண்டு பேர், ஒரு பைக், 18 கிலோ: லக்கேஜ் கட்டிய அனுபவம்

நானும் மனைவியும் பைக்கில் நெடுந்தூரம் போய் வந்தோம். முதலில் எடுத்துவைத்த சாமான் 32.4 கிலோ. கடைசியில் வண்டியில் ஏறியது 17.1 கிலோ. எதை எப்படி அளந்தேன், எதைக் கழித்தேன், மிச்சத்தை வண்டியில் எங்கே வைத்தேன் என்று வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வண்டிக்கும் உங்கள் எடைக்கும் எண்கள் மாறும். அளக்கும் முறை மாறாது.

நிறைய பேர் முதலில் பை வாங்குகிறார்கள், அப்புறம் அது நிறையும் வரை அடுக்குகிறார்கள். என்னிடமும் அப்போது சீட்டுக்குப் பின்னால் கட்டும் 45 லிட்டர் டெயில் பேக் ஒன்று, இரண்டு பக்கமும் தொங்கும், பக்கத்துக்கு 25 லிட்டர் பிடிக்கும் சேடில் பேக் ஒரு ஜோடி, பெட்ரோல் டேங்க் மேல் வைக்கும் ஒரு சின்ன டேங்க் பேக் இருந்தன. பையில் எழுதியிருப்பது லிட்டர். வண்டிக்குத் தெரிவது கிலோ. அதனால் பைகளை ஓரமாக வைத்துவிட்டு வண்டியின் கையேட்டிலிருந்து தொடங்கினேன்.

கையேட்டில் இரண்டு எண்களைத் தேட வேண்டும். ஒன்று கெர்ப் எடை, அதாவது பெட்ரோல், ஆயில் எல்லாம் ஊற்றிய நிலையில் வண்டியின் எடை. இன்னொன்று ஆள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டி தாங்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை. என் வண்டியில் கெர்ப் எடை 185 கிலோ, அதிகபட்சம் 360. வித்தியாசம் 175 கிலோ. பார்க்கும்போது தாராளமாகத் தெரிந்தது.

அப்புறம் எடை மெஷினில் ஏறினேன். வெறும் ஆளாக ஏறினால் போதாது. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். 74 கிலோ ஆளான நான் அப்போது 82. மனைவி 57லிருந்து 64. இரண்டு பேரும் சேர்த்து 146 கிலோ. 175ல் மிச்சம் 29. இதில் வண்டி வாங்கிய பிறகு நான் மாட்டியிருந்த க்ராஷ் கார்டு, கேரியர், சேடில் பேக் தாங்கும் கம்பிச் சட்டம் எல்லாம் சேர்த்து 7 கிலோ. இவை கையேட்டின் கெர்ப் எடையில் வராது. மிச்சம் 22. காலிப் பைகளே 4 கிலோ. ஆக, உள்ளே வைக்கும் சாமானுக்கு 18 கிலோதான். இரண்டு பேருக்கும் சேர்த்து. தனியாகப் போயிருந்தால் 82 கிலோ வரை காகிதத்தில் இடம் இருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்ததும் கணக்கே வேறாகிவிடுகிறது.

எடுத்த எடுப்பிலேயே 18 என்று தெரிந்திருந்தால் சாமான் எடுத்துவைத்த விதமே வேறாக இருந்திருக்கும். ஆனால் சாமான் ஏற்கனவே ஹாலில் குவிந்திருந்தது. கொக்கியில் மாட்டித் தொங்கவிடும் சின்ன டிஜிட்டல் தராசை வாங்கினேன். இந்த வேலைக்காக வாங்கியவற்றில் செலவு குறைந்ததும் அதுதான், அதிகம் உதவியதும் அதுதான். பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து, வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலையும் துணிப்பையில் போட்டுத் தொங்கவிட்டேன். துணி 11.2 கிலோ. கருவியும் உதிரிபாகமும் 5.8. சார்ஜர், கேமரா, லேப்டாப் வகையறா 4.3. மழைக்கோட்டு இரண்டு செட் 2.6. மாற்றுச் செருப்பு, ஷூ 2.6. சோப்பு, மருந்து, முதலுதவி 2.4. தண்ணீர் 2 லிட்டர், அது 2 கிலோ. உதிரிச் சாமான் 1.5. மொத்தம் 32.4. வரம்புக்கு மேலே 14.4 கிலோ.

வகை பிரித்து எடை போட்டதில் ஒரு நன்மை, எங்கே கை வைக்க வேண்டும் என்பது உடனே தெரிந்தது. டூத் பிரஷ்ஷின் கைப்பிடியை வெட்டிக் கிராம் மிச்சம் பிடிக்கத் தேவையே இல்லை. துணி மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தது.

துணியில் முதலில் வெளியே போனது ஜீன்ஸ். ஒரு ஜீன்ஸ் முக்கால் கிலோவுக்குப் பக்கத்தில் வருகிறது. நாங்கள் எடுத்துவைத்திருந்தவை நான்கு. எடையைவிட அதன் ஈரம்தான் பெரிய தொந்தரவு. இதை ஊகமாக விடாமல் வீட்டிலேயே சோதித்தேன். ஒரு ஜீன்ஸ், ஒரு காட்டன் டீஷர்ட், ஒரு பாலியெஸ்டர் டீஷர்ட், ஒரு மெல்லிய நைலான் பேன்ட் நான்கையும் ராத்திரி நனைத்துப் பிழிந்தேன். அப்புறம் ஒவ்வொன்றையும் உலர்ந்த துண்டில் விரித்து, துண்டோடு சேர்த்துச் சுருட்டி, இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினேன். கையால் மட்டும் பிழிந்தால் வராத தண்ணீர் இதில் துண்டுக்கு வந்துவிடும். ஃபேன் இல்லாத அறையில் கொடியில் போட்டேன். காலையில் பாலியெஸ்டரும் நைலானும் அப்படியே போட்டுக்கொள்ளலாம் போல உலர்ந்திருந்தன. காட்டன் டீஷர்ட்டில் கழுத்துப் பட்டியும் கீழ் மடிப்பும் சில்லென்று இருந்தன. ஜீன்ஸில் இடுப்புப் பட்டி, பாக்கெட், தையல் மடிப்பு எல்லாம் சொட்டாத குறைதான்.

அதோடு துணிக் கணக்கு முடிந்தது. ஆளுக்கு மூன்று செட்: ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பையில். உள்ளாடை மட்டும் நான்கு. பயணம் ஐந்து நாளா பதினைந்து நாளா என்பது இந்தக் கணக்கை மாற்றாது, துவைப்பதால். குளிருக்குத் தடித்த ஸ்வெட்டர் எடுக்கவில்லை. ஜாக்கெட்டுக்குள் போடும் மெல்லிய ஃப்ளீஸ் ஒன்று, மேலே மழைக்கோட்டு. காற்றைத் தடுத்தால் பாதிக் குளிர் போய்விடும், அதற்கு மழைக்கோட்டே போதும். 11.2 கிலோ 5.0 ஆனது.

செருப்பு வகையில் ஆளுக்கு ஒரு லேசான செருப்போடு நிறுத்தினோம். பூட்ஸ் எப்படியும் காலில்தான் இருக்கப்போகிறது. லேப்டாப்பும் அதன் சார்ஜரும் வீட்டிலேயே தங்கின. ஆளுக்கு ஒரு சார்ஜர் என்பதற்குப் பதில் இரண்டு போர்ட் உள்ள ஒன்று. முதலுதவிப் பெட்டியிலும் மருந்திலும் கை வைக்கவில்லை. ஷாம்பு, எண்ணெய் பாட்டில்களைச் சின்னதாக மாற்றியதிலேயே 1.3 கிலோ போயிற்று.

கருவிகளைக் குறைக்கும்போதுதான் எல்லோருக்கும் கை நடுங்கும். நான் செய்தது இது. டூல் பாக்ஸை வண்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஹேண்டில்பாரிலிருந்து நம்பர் பிளேட் வரை ஒவ்வொரு நட்டாகப் போனேன். எந்த ஸ்பேனர், எந்த ஆலன் கீ எந்த நட்டில் உட்கார்ந்ததோ அது ஒரு துணியில். எதிலும் உட்காராதது அப்படியே வீட்டில். வழியோரத்தில் எப்படியும் செய்ய முடியாத வேலைக்கான கருவிகளும் வீட்டில். 5.8 கிலோ 3.2 ஆனது.

இது போதுமா என்று தெரிய ஒரே வழி, அந்தத் துணியில் இருப்பதை மட்டும் வைத்துப் பின் சக்கரத்தைக் கழற்றி, டியூபை வெளியே எடுத்து, திரும்ப மாட்டிப் பார்ப்பது. என் வண்டி ஸ்போக் சக்கரம், டியூப் டயர். ஆக்ஸில், அதாவது சக்கர அச்சின் நட்டுக்கு வந்தபோதே வேலை நின்றது. நட்டு கழலாமல் இருக்க அதில் ஸ்பிலிட் பின் போட்டிருக்கிறது. அதன் கால்களை நிமிர்த்தி இழுக்க மூக்குப் பிளையர் வேண்டும். துணியில் பிளையரே இல்லை, ஏனென்றால் நான் நட்டு, போல்ட்டுகளை மட்டும்தான் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். பிளையரும், மாற்று ஸ்பிலிட் பின் இரண்டும் உள்ளே போயின. எடை 3.4. அதன் பிறகு சக்கரம் வந்தது. டயரை நெம்பும் லீவர் மூன்று வேண்டும் என்பதும் அன்றுதான் உறுதியானது. இரண்டை வைத்துக்கொண்டு பின் டயரின் விளிம்பை ஏற்றும்போது முதல் லீவர் நழுவிக்கொண்டே இருந்தது. மூன்றாவது லீவருக்காக எப்போதும் வைத்திருக்கும் ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவரை விட்டேன்.

மாற்றுக் கிளட்ச் கேபிளைச் சுருட்டிப் பையில் போட வேண்டியதில்லை. பழைய கேபிள் போகும் பாதையிலேயே பக்கத்தில் ஓடவிட்டு, இரண்டு முனையையும் தூசி போகாமல் டேப் சுற்றி, இடையிடையே கட்டிவிடலாம். கேபிள் அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டாம். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து எங்கும் இழுபடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்படியெல்லாம் கழித்து 17.1 கிலோ. ஆனால் இதற்கு நடுவில், 32.4 கிலோ முழுசாக இருந்தபோதே ஒருமுறை ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். எடை எங்கே உட்கார்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதை அந்த ஓட்டம்தான் காட்டியது. டெயில் பேக்கில் 15 கிலோ, மீதி பெரும்பாலும் சேடில் பேக்குகளில். மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில்பார் காற்றில் பிடித்த மாதிரி லேசாக இருந்தது. லாரியைத் தாண்டும்போது முன் சக்கரம் இடமும் வலமும் தேடியது. மனைவி இறங்கியதும் சொன்னது: "பை முதுகைத் தள்ளிக்கிட்டே இருக்குங்க. நீங்க பிரேக் போட்டா நேரா உங்க மேலதான் சாயறேன்."

இதற்கான கணக்கு எளிது. என் வண்டியில் இரண்டு ஆக்ஸிலுக்கும் இடையே 140 செ.மீ. டெயில் பேக்கின் நடுப்பகுதி பின் ஆக்ஸிலுக்கு 20 செ.மீ. பின்னால் இருக்கிறது. அங்கே 10 கிலோ வைத்தால் பின் சக்கரத்தில் 11.4 கிலோ கூடுகிறது. முன் சக்கரத்தில் 1.4 கிலோ குறைகிறது. அதே 10 கிலோ இரண்டு ஆக்ஸிலுக்கும் நட்ட நடுவில் இருந்தால் ஆளுக்குப் பாதி, ஐந்தும் ஐந்தும். பின்னால் உட்காருபவரின் எடை ஏற்கனவே கிட்டத்தட்ட முழுசும் பின் சக்கரத்தில்தான். அதற்கும் பின்னால், அதுவும் உயரத்தில் மேலும் ஏற்றினால் முன் சக்கரம் இளகத்தான் செய்யும்.

காகிதத்தில் போட்டதை எடை மெஷினிலும் பார்த்தேன். முன் சக்கரத்தை மெஷின் மேல் ஏற்றி, பின் சக்கரத்துக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து, நாங்கள் இருவரும் உட்கார்ந்து கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்துக்கொள்ள, பக்கத்து வீட்டுத் தம்பி வண்டியை நேராகப் பிடித்தான். பின் சக்கரத்தை இப்படி அளக்கக் கூடாது. வீட்டு மெஷின் பெரும்பாலும் 150 அல்லது 180 கிலோவோடு நின்றுவிடும். மொத்த எடையிலிருந்து முன் சக்கரத்தைக் கழித்தால் பின் சக்கரம் கிடைத்துவிடும். சாமான் இல்லாமல் முன்னால் 123 கிலோ. முதல் அடுக்கலில் 120.5. சாமான் 36 கிலோ ஏறியும் முன் சக்கரத்தின் எடை குறைந்திருக்கிறது. பின் சக்கரத்துக்கு 254 கிலோ. டயர் பக்கவாட்டில் அளவுக்குப் பிறகு வரும் எண்தான் அதன் பாரக் குறியீடு. 62 என்றால் 265 கிலோ, 66 என்றால் 300 கிலோ. என்னுடையது 62. வரம்பை உரசிக்கொண்டு போயிருக்கிறேன்.

சாமான் குறைந்ததால் 45 லிட்டர் டெயில் பேக்குக்கு வேலை இல்லை. அதுவே 1.5 கிலோ. அதற்குப் பதில் 20 லிட்டர் பை, 0.8 கிலோ. மிச்சமான 0.7 கிலோவில் கருவிகளுக்கு ஒரு குழாய் செய்தேன்.

110 மி.மீ. பிவிசி பைப்பில் 30 செ.மீ. துண்டு. ஒரு முனையில் மூடியை பசை போட்டு நிரந்தரமாக ஒட்டினேன். இன்னொரு முனையில் திருகு மூடி. சேடில் பேக் சட்டத்தின் உள்பக்கம், இடது புறம், பின் ஆக்ஸிலுக்கு ஒரு சாண் முன்னால், சீட்டுக்குக் கீழே, இரண்டு வளையக் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். கிளாம்புக்கும் பைப்புக்கும் நடுவில் பழைய டியூபை வெட்டி வைத்த ரப்பர். நட்டுகள் நைலான் உள்ள லாக் நட். கருவிகளை பழைய டீஷர்ட் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றினேன், இல்லாவிட்டால் கடகடவென்று சத்தம் வரும். சத்தத்தைவிட, ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு துருவும் தூளுமாகிவிடும்.

முதலில் செய்த குழாயில் தண்ணீர் புகாது என்று நம்பியிருந்தேன். வண்டியைக் கழுவிவிட்டு மறுநாள் திறந்தால் துணி நனைந்து, ஸ்பேனரில் செம்புள்ளி. திருகு மூடி வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. குழாயின் கீழ்ப்புறத்தில் மூடிக்குப் பக்கமாக 3 மி.மீ. துளை ஒன்று போட்டு, குழாயை மூடிப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி சாய்த்து மாட்டினேன். அதோடு சரியானது. மூடி அதிர்வில் தானாகத் திரும்பாமல் இருக்க மூடியிலும் கிளாம்பிலும் துளையிட்டு ஒரு கேபிள் டை.

கடைசி அடுக்கல் இப்படி அமைந்தது. டேங்க் பேக்கில் 2.1 கிலோ: கேமரா, சார்ஜர், காகிதங்கள், மருந்து. குழாயில் 3.4. இடது சேடில் பேக்கில் 2.8, வலதில் 6.2, இடப்பக்கம் குழாயும் இருப்பதால் இரண்டு பக்கமும் ஒரு கிலோ வித்தியாசத்துக்குள் வந்துவிட்டது. தண்ணீர் வலது பையின் அடியில். டெயில் பேக்கில் மழைக்கோட்டு மட்டும், 2.6. மழை வந்தால் ஒரு ஜிப்பைத் திறந்தவுடன் கைக்கு வர வேண்டியது அதுதான், லேசான சாமானும் அதுதான். முன் சக்கரம் 124.5 கிலோ காட்டியது. மொத்தம் 359.1. முதுகில் எதையும் மாட்டவில்லை. முதுகுப்பை தோளைக் கொல்லும். விழுந்தால் உள்ளே இருக்கும் கெட்டியான பொருள் நேராக முதுகெலும்பில் குத்தும்.

வலது சேடில் பேக் சைலன்சர் பக்கம். காலியாக மாட்டியபோது நடுவில் 5 செ.மீ. இடைவெளி. 6 கிலோ ஏறியதும் பை 3 செ.மீ. தொங்கிவிட்டது. நைலான் பை சைலன்சரில் உரசினால் உருகிப் பிடித்துக்கொள்ளும். மேல் பட்டையை ஒரு கண்ணி இறுக்கி, பையின் அடியைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். இடைவெளியை எப்போதும் பாரம் ஏற்றிய பிறகே அளக்க வேண்டும். கூடவே, மனைவி ஃபுட்ரெஸ்டில் கால் வைக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா என்றும் பார்த்தோம்.

கட்டுவதற்கு 25 மி.மீ. அகலத்தில் பக்கிள் வைத்த நாடாப் பட்டைகள். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு எனக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் நீளும், பை கொஞ்சம் நகரும். கை நழுவினால் கொக்கி முகத்துக்கு வரும். பட்டை நீளாது. அதன் மிச்ச முனைதான் ஆபத்து, தொங்கி சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பழைய டியூபைக் குறுக்கே விரல் அகலத்துக்கு வெட்டினால் ரப்பர் வளையங்கள் கிடைக்கும். மிச்ச முனையைச் சுருட்டி வளையத்துக்குள் செருகிவிட்டேன். புறப்பட்டு 20, 30 கி.மீ.யில் நிறுத்தி எல்லாப் பட்டையையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பைக்குள் துணி அமுங்கி, பட்டை கட்டாயம் தளர்ந்திருக்கும்.

மழை உறையை நம்பாமல் ஒவ்வொரு பைக்குள்ளும் தடித்த பிளாஸ்டிக் பை ஒன்று வைத்து, வாயை மூன்று சுருட்டு சுருட்டிவிட்டேன். வேகத்தில் உறைக்குள் காற்றும், காற்றோடு தண்ணீரும் போகும்.

பாரம் ஏறியதும் வண்டியில் மாற்ற வேண்டியவை சில. பின் டயரில் காற்று தனியாக ஓட்ட 32, இருவருக்கு 36 பிஎஸ்ஐ என்று என் வண்டி ஸ்டிக்கர் சொல்கிறது; டயர் சூடாகும் முன் வைத்தேன். பின் ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, இரண்டு பக்கமும் ஒரே படிக்கு ஏற்றினேன். சென்டர் ஸ்டாண்டில், பின் சக்கரம் தொங்கும்போது ஆக்ஸிலிலிருந்து மேலே கைப்பிடிக் கம்பியில் போட்ட குறி வரை ஒரு அளவு, இருவரும் சாமானோடு உட்கார்ந்தபோது இன்னொன்று. பழைய படியில் 47 மி.மீ. அமுங்கியது, இரண்டு படி ஏற்றியதும் 36. மொத்த அசைவு 100 மி.மீ. என்பதால் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருந்தால் போதும் என்று விட்டேன். செயின் தொய்வை ஸ்டாண்டில் சரியாக வைத்துவிட்டு, நாங்கள் உட்கார்ந்த பிறகு தம்பியை விட்டு மறுபடி அசைத்துப் பார்க்கச் சொன்னேன். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் அமுங்கும்போது செயின் இறுகும்; அப்போதும் கொஞ்சம் தொய்வு மிச்சம் இருக்க வேண்டும். ஹெட்லைட்டைக் கொஞ்சம் தாழ்த்தினேன், பின்பக்கம் அமுங்கினால் வெளிச்சம் எதிரில் வருபவர் கண்ணுக்குத்தான் போகும்.

இதன் பிறகு அதே சாலையில் ஓட்டியபோது ஹேண்டில்பாரில் பிடிமானம் இருந்தது. லாரியின் காற்று அடித்தது, வண்டி தேடவில்லை. மனைவிக்கு உட்கார ஒரு கையளவு இடம் கூடியது. அவள் பயணம் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

திரும்பி வந்ததும் பைகளை அப்படியே கவிழ்த்து, பயன்பட்டது ஒரு பக்கம், தொடவே தொடாதது ஒரு பக்கம் என்று பிரித்தோம். தொடாத பக்கத்தில் பஞ்சர் சாமான், முதலுதவிப் பெட்டி, மாற்று ஸ்பிலிட் பின் எல்லாம் கிடந்தன. அவை அடுத்த முறையும் வரும். கழிக்கப்போவது வேறு: கேமராவின் இரண்டாவது லென்ஸ், ஆளுக்கு ஒரு டீஷர்ட், ஒரு பெரிய டார்ச். தலையில் மாட்டும் சின்ன விளக்கு ஒன்றே எல்லா வேலைக்கும் போதுமானதாக இருந்தது, இரண்டு கையும் ஃப்ரீயாக இருக்கும். கூடுதலாக எடுக்கப்போவது ஒன்று உண்டு, துவைத்த துணி காயப்போட மூன்று மீட்டர் மெல்லிய கயிறு. 18 கிலோவில் காலியாக விட்டிருந்த 0.9 கிலோ வழியில் வாங்கிய சாமான்களால் இரண்டாம் நாளே நிறைந்துவிட்டது. அதனால் அடுத்த முறை புறப்படும்போது தராசு 16ஐத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.